பூச்சாடியை உடைக்கச் சொன்ன போதகர்: தெல்லிப்பழை டி. ரி. நைல்ஸ்

டார்னெய்ட்டில் வளரும் எமது பிள்ளைகளுக்கு, மேசியா யார் என்பது ஞாயிறு பாடசாலையோடு முடிந்துபோகும் கேள்வி அல்ல. வகுப்பில் ஒரு பக்கம் முஸ்லிம் பிள்ளை இருக்கிறது, மறுபக்கம் சீக்கியப் பிள்ளை இருக்கிறது. வீட்டிலேயே அப்பாவின் பக்கம் சைவமும் அம்மாவின் பக்கம் கிறிஸ்தவமுமாக வாழும் குடும்பங்கள் எம்மிடையே குறைவில்லை. அயலிலுள்ள ஹொப்பர்ஸ் குரொசிங்கில் கன்னி மரியாளின் பெயரைத் தாங்கிய பள்ளிவாசல் ஒன்று உண்டு. முஸ்லிம்களும் மரியாளை மதிக்கிறார்களா, அப்படியென்றால் இயேசு எல்லோருக்கும் ஒருவர்தானா என்று பிள்ளை கேட்டால், பெற்றோருக்கு உடனே பதில் வருவதில்லை.

கைவசம் இருப்பவை இரண்டு சுலபமான பதில்கள். எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் பிள்ளையின் கேள்வி ஓய்ந்துவிடும், ஆனால் நம்பிக்கைக்கு உள்ளே ஒன்றும் மிஞ்சாது. அல்லது நாங்கள் சரி, மற்றவர்கள் பிழை என்று சொல்லலாம். அதைச் சொன்ன பிறகு அந்தப் பிள்ளை தன் சினேகிதனின் முகத்தை எப்படிப் பார்ப்பது? இந்த இரண்டு பதில்களையும் ஏற்காமல் வாழ்நாள் முழுவதும் மூன்றாவது பதிலைத் தேடியவர் எமது மண்ணில் பிறந்தவர். டானியேல் தம்பிராஜா நைல்ஸ் என்ற அவரை உலகத் திருச்சபைகள் டி. ரி. நைல்ஸ் என்று அறியும். அவருடைய நம்பிக்கையை எம்மில் சிலர் ஏற்பர், சிலர் ஏற்கமாட்டார். ஆனால் அந்த நம்பிக்கையை அவர் எப்படிக் கையில் பிடித்திருந்தார் என்பது எல்லோரும் அறிய வேண்டியது.

நைல்ஸ் 1908ஆம் ஆண்டு மே 4ஆம் திகதி தெல்லிப்பழையில் பிறந்தார். அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தபோது முதலில் காலூன்றிய இடங்களில் தெல்லிப்பழையும் ஒன்று. பிறகு வட்டுக்கோட்டையில் செமினரியும் உடுவிலில் பெண்கள் பாடசாலையும் எழுந்தன. மிசன் பாடசாலைகளில் படித்த பிள்ளைகளுக்கு அமெரிக்காவிலிருந்த உபகாரிகளின் பெயரைச் சூட்டும் வழக்கம் அந்நாட்களில் இருந்தது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இன்றும் காணப்படும் ஆங்கிலக் குடும்பப் பெயர்களில் பல அப்படி வந்தவை. ஆகவே நைல்ஸ் பிறந்தபோது அந்த மண்ணில் கிறிஸ்தவம் நேற்று வந்த சரக்கு அல்ல. அதே நேரம் சுற்றிலும் கோயில் மணியும் தேவாரமும் ஒலித்துக்கொண்டிருந்தன. கிறிஸ்தவர் அல்லாதவரை அறியாமல் ஒரு நாளும் வாழ முடியாத ஊரில் அவர் வளர்ந்தார். பின்னாளில் அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதுதான் என்று நாம் எண்ணுகிறோம்.

பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் படித்து, 1936இல் மெதடிஸ்த திருச்சபையில் குருப்பட்டம் பெற்றார். அதற்கு முந்திய ஆண்டில் நடந்த ஒரு சந்திப்பை அவரே பிற்காலத்தில் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறார். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த கார்ல் பார்த், அந்நூற்றாண்டின் மிகப் பெரிய புரொட்டஸ்தாந்து இறையியலாளர். மற்றச் சமயங்கள் எல்லாம் அவிசுவாசமே என்பது பார்த்தின் உறுதியான கருத்து. இருபத்தேழு வயது யாழ்ப்பாணத்து இளைஞர் அவரிடம், நீங்கள் எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒருவரையும் இல்லை என்றார் பார்த். அப்படியென்றால் இந்து சமயம் அவிசுவாசம் என்று எப்படித் தெரியும் என்று இளைஞர் தொடர்ந்தார். அது முன்னமே தெரிந்த விடயம் என்பதுபோல் பதில் வந்தது. நைல்ஸ் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு வந்தாராம். பார்த்தின் மீது அவருக்கு இருந்த மதிப்பு அதனால் குறையவில்லை. ஆனால் ஆளைச் சந்திக்காமல் அவனுடைய நம்பிக்கையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் வழியை அவர் கைக்கொள்ளவில்லை.

1938 டிசம்பரில் சென்னைக்கு அருகே தாம்பரத்தில், கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், அனைத்துலக மிசனரி மாநாடு கூடியது. மற்றச் சமயங்களைக் கிறிஸ்தவர்கள் எப்படிப் பார்ப்பது என்பதே அங்கு பெரிய வாக்குவாதம். ஒல்லாந்து அறிஞர் ஹென்றிக் கிரேமர் ஒரு பக்கம் நின்று, கிறிஸ்துவில் வந்த வெளிப்பாட்டுக்கும் மனிதர் உண்டாக்கிய சமயங்களுக்கும் இடையே பாலம் இல்லை என்றார். சென்னையைச் சேர்ந்த சென்சையா, சக்கரை போன்றோர் மறுபக்கம் நின்றனர். சக்கரை இயேசுவை அவதாரம் என்ற சொல்லால் விளக்கி நூல் எழுதியவர். அந்த மாநாட்டுக்குச் சென்ற மிக இளையவர்களில் நைல்ஸ் ஒருவர்.

இங்கே கொஞ்சம் நின்று, வாக்குவாதம் எதைப் பற்றியது என்று பார்த்துவிடுவது நல்லது. மேசியா என்பது எபிரேயச் சொல். எண்ணெய் வார்த்து அபிஷேகம் செய்யப்பட்டவர் என்று பொருள். யூதர் தங்கள் அரசரையும் குருமாரையும் அவ்வாறு அபிஷேகம் செய்தார்கள். அதன் கிரேக்க வடிவமே கிறிஸ்து. நாசரேத்து ஊர்த் தச்சர் குடும்பத்தில் வளர்ந்த இயேசுவே அந்த மேசியா என்பது கிறிஸ்தவரின் முதல் நம்பிக்கை. அவர் கடவுளா மனிதரா என்ற கேள்விக்கு, 325இல் நிசேயாவிலும் 451இல் கல்சிதோனிலும் கூடிய திருச்சங்கங்கள் பதில் வகுத்தன. முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர், இரு தன்மையும் ஒன்றோடொன்று கலந்துவிடாமலும் பிரிந்துவிடாமலும் ஒரே ஆளில் இருக்கின்றன என்பது அந்தப் பதில். அவர் போதித்தது கடவுளின் ஆட்சி வந்துவிட்டது என்பதை. பகைவரை நேசிப்பது, மன்னிப்பது, கடைசியாக நிற்பவனை முதலில் வைப்பது ஆகியவை அந்த ஆட்சியின் நடைமுறைகள். சாவதற்கு முந்திய இரவில் சீடரின் கால்களைக் கழுவியதும் அந்தப் போதனையின் பகுதிதான்.

இந்தப் பதில் யாழ்ப்பாணத்தில் எங்கே இடறும்? சக்கரை அவதாரம் என்ற சொல்லை எடுத்தது வைணவம் செழித்த நிலத்தில். எமது ஊர்ச் சைவ சித்தாந்தியோ, இறைவன் கருவில் வந்து பிறப்பதில்லை என்று நம்புகிறவர். பிறவாத ஒருவன் குருவாக எழுந்தருளுவான், ஆனால் தாய் வயிற்றில் பிறந்து, பசித்து, அடிபட்டுச் சாகமாட்டான். ஆகவே யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவருக்கும் சைவருக்கும் இடையிலான விவாதம் அவதாரம் ஒன்றா பலவா என்பதில் தொடங்கவில்லை. கடவுள் பிறக்கலாமா என்பதில் தொடங்கியது.

அந்த விவாதத்தை நடத்திய பெருமகன் ஆறுமுக நாவலர். அவர் படித்ததும் படிப்பித்ததும் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த ஆங்கிலப் பாடசாலையில். அங்கிருந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார் தமிழில் வேதாகமத்தை மொழிபெயர்த்தபோது நாவலரே பக்கத்தில் இருந்து உதவினார். பிறகு 1848இல் அந்த வேலையை விட்டுச் சைவப் பணியில் இறங்கினார். 1854இல் வெளிவந்த சைவதூஷணபரிகாரத்தில், வேதாகமத்தைக் கரைத்துக் குடித்த ஒருவரின் கையோடு கிறிஸ்தவக் கண்டனங்களுக்குப் பதில் எழுதினார். அந்தப் பாடசாலைதான் இன்றைய யாழ் மத்திய கல்லூரி. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதன் அதிபராக இருந்தவர் டி. ரி. நைல்ஸ். நாவலர் எழுப்பிய கேள்விகள் உலாவிய அதே வளவில், அக்கேள்விகளைச் சிறுமைப்படுத்தாமல் பதில் தேடும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது.

1948இல் உலகம் அவரைக் கண்டது. பெப்ரவரி 4இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு ஓகஸ்ட் 23இல், நெதர்லாந்தின் அம்ஸ்ரர்டாம் நகரில், 44 நாடுகளைச் சேர்ந்த 147 திருச்சபைகள் கூடி உலகத் திருச்சபை மன்றத்தை அமைத்தன. போர் முடிந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த நகரை ஆக்கிரமித்திருந்த ஜேர்மனியரும், ஆக்கிரமிப்பில் பட்டினி கிடந்த ஒல்லாந்தரும் ஒரே ஆலயத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தொடக்க வழிபாட்டில் பேச இருவரை நிறுத்தினார்கள். ஒருவர் நோபல் சமாதானப் பரிசு பெற்ற அமெரிக்கர் ஜோன் மொற், வயது 83. மற்றவர் தெல்லிப்பழை நைல்ஸ், வயது 40. ஐரோப்பா ஆசியாவுக்குக் கொண்டுவந்த சுவிசேஷத்தை, ஆசியத் தமிழர் ஒருவர் ஐரோப்பாவின் நடுவே நின்று திருப்பிச் சொன்னார்.

அவர் சொன்ன உவமைகளில் மிகவும் பரவியது பிச்சைக்காரர் உவமை. சுவிசேஷம் சொல்வது என்பது, ஒரு பிச்சைக்காரன் இன்னொரு பிச்சைக்காரனுக்குச் சோறு கிடைக்கும் இடத்தைக் காட்டுவது போன்றது என்றார். இதன் கூர்மை முதலில் படாது. காட்டுகிறவனும் பிச்சைக்காரன்தான். சோறு அவனுடையது அல்ல. கேட்பவனைவிட அவன் ஒரு படியும் உயரத்தில் நிற்கவில்லை. பாடசாலை, ஆஸ்பத்திரி, அரசாங்க உத்தியோகம் எல்லாம் பின்னால் நிற்க, மேலே இருந்து கீழே கொடுக்கும் தோரணையில் மதம் பரப்பப்பட்ட ஒரு தீவில் இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

1957இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லைமன் பீச்சர் சொற்பொழிவுகளை ஆற்ற அவர் அழைக்கப்பட்டார். இந்து, முஸ்லிம், பௌத்தர் ஆகிய மூவரும் இயேசுவிடம் எங்கே இடறுகிறார்கள் என்பதையே பொருளாக எடுத்தார். அடுத்த ஆண்டு அது நூலாக வந்தது. இடறுதற்கல் என்பது வேதாகமத்துச் சொல். கட்டுகிறவர்கள் தள்ளிய கல்லே மூலைக்கல் ஆயிற்று என்ற எண்ணத்தோடு சேர்ந்து வருவது. முஸ்லிமுக்கு ஈசா நபி மசீஹ் தான், கன்னி மரியாளின் மகன்தான். குர்ஆனில் மரியாளின் பெயரில் ஒரு முழு அத்தியாயமே உண்டு. ஆனால் கடவுளுக்கு மகன் உண்டு என்பதையும், மேசியா சிலுவையில் செத்தார் என்பதையும் முஸ்லிம் ஏற்கமாட்டார். இந்துவுக்கு, ஒரே ஒருமுறை ஒரே ஓர் இடத்தில் என்ற வரையறை இடறும். பௌத்தருக்கு, படைத்த கடவுள் என்ற சொல்லே இடறும். இவை படிப்பறிவில்லாதவரின் தப்பெண்ணங்கள் அல்ல, சிந்தித்தவர்களின் மறுப்புகள் என்ற மரியாதையோடு நைல்ஸ் அவற்றை எடுத்துப் பேசினார். பௌத்தருக்காக 1946இலேயே தனி நூல் எழுதியிருந்தார். துக்கம், நிலையாமை போன்ற பௌத்தரின் சொற்களுக்குள் நின்றே அதில் தன் நம்பிக்கையை விளக்கினார்.

இவ்வளவு மரியாதை கொடுத்தவர் தன் நம்பிக்கையைத் தளர்த்திக்கொண்டாரா என்றால், இல்லை. கடவுள் உண்மையாகவே இயேசுவில் மனிதரானார், அந்தச் சிலுவையும் உயிர்த்தெழுதலும் எல்லா மக்களுக்கும் உரியவை என்பதில் அவர் இறுதிவரை அசையவில்லை. அந்தக் கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டால் கிறிஸ்தவத்தில் சொல்ல ஒன்றும் மிஞ்சாது என்பது அவர் நிலை. ஆனால் மற்றவர்கள் இடறுவதென்றால் அந்தக் கல்லில் இடறட்டும், போதகரின் அகங்காரத்தில் இடற வேண்டாம் என்பதே அவருடைய வாழ்வு எமக்குச் சொல்வது.

இதற்கு அவர் கண்ட ஆதாரம், போதகர் ஊருக்குள் வருமுன்னே மேசியா அங்கே வந்துவிட்டார் என்பது. கிறிஸ்துவை அறியாத மனிதரிடமும் கிறிஸ்து ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று அவர் நம்பினார். அப்படியென்றால் போதகர் வெறும் நிலத்துக்குக் கடவுளைக் காவிக்கொண்டு போகிறவர் அல்ல. முன்னே போனவரைப் பின்தொடர்கிறவர். அயலவரிடம் கேட்டு அறியவும் அவருக்கு நிறைய உண்டு.

சமாரியப் பெண்ணின் கதையை அவர் விளக்கிய விதமும் இதனோடு சேர்ந்தது. வெயிலில் களைத்துக் கிணற்றடியில் உட்கார்ந்த இயேசு, யூதர் புழங்காத சாதிப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். இதைப் பலர், தாழ்ந்தவருக்கும் இரங்கினார் என்றே சொல்வார்கள். நைல்ஸ் வேறு விதமாகக் கண்டார். இயேசு அங்கே கொடுக்கிறவராக வரவில்லை, தேவையுள்ளவராக வந்தார். அவளிடம் வாளி இருந்தது, அவரிடம் இல்லை. யாருக்குத் தொண்டு செய்ய வந்தாரோ அவர்களின் கையை எதிர்பார்த்து நின்றதால்தான் அவர் உண்மையான தொண்டர் என்றார். கொடுப்பவன் எப்போதும் மேலேயே நின்றால் வாங்குபவனின் மானம் போகும். ஒருவருக்கொருவர் தேவைப்படும்போதுதான் அன்பு வேரூன்றும். கடவுள் பிறக்கலாமா, பசிக்கலாமா என்ற யாழ்ப்பாணத்துக் கேள்விக்கு, அந்தப் பசியிலேயே கடவுளின் பெருமை இருக்கிறது என்ற பதிலாக நாம் இதை வாசிக்கிறோம். புதிய நாட்டில் முதல் குளிருக்குப் பிறர் தந்த கம்பளியை வாங்கிக்கொண்ட எம்மவருக்கு இந்த விளக்கம் சட்டென்று விளங்கும்.

1957இல் இந்தோனேசியாவின் பிரபாத்தில் கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாடு என்ற அமைப்புக்கு வித்திடப்பட்டபோது நைல்ஸ் அதன் பொதுச்செயலாளர் ஆனார். இன்றைய ஆசியக் கிறிஸ்தவ மாநாடு அதன் தொடர்ச்சி. அவுஸ்திரேலிய, நியூசிலாந்துத் திருச்சபைகளும் அதில் உறுப்பினர்கள். வெள்ளையரின் நாடு என்று தம்மை எண்ணியிருந்த இந்நாட்டுத் திருச்சபைகளை ஆசியாவின் மேசையில் உட்காரவைத்தவர்களில் ஒரு தமிழர் முன்னின்றார் என்பதை எமது பிள்ளைகள் அறிய வேண்டும்.

1963இல் அந்த மாநாடு ஒரு பாடல் தொகுப்பை வெளியிட்டது. ஆசிய மெட்டுக்களைத் திரட்டி, நாற்பதுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு நைல்ஸ் தாமே ஆங்கிலத்தில் வரிகள் எழுதினார், சிலவற்றை மொழிபெயர்த்தார். பஞ்சாபி மெட்டொன்றில் சரணம் என்ற சொல்லை அப்படியே வைத்துப் பாடும் பாடல் அவற்றுள் ஒன்று. இன்று மேற்கு நாடுகளின் பாட்டுப் புத்தகங்களிலும் அது இருக்கிறது. சரணம் என்றால் என்ன என்று தமிழருக்கும் பஞ்சாபியருக்கும் சிங்களவருக்கும் யாரும் விளக்கத் தேவையில்லை.

உலகம் சுற்றினாலும் அவர் இலங்கையை விட்டு நிரந்தரமாகப் பெயரவில்லை. ஜெனீவாவில் நிரந்தரமாக இருந்திருக்கலாம். சொந்த மண்ணில் சபைப் போதகராக இருந்து, ஞானஸ்நானமும் கலியாணமும் செத்தவீடும் நடத்திக்கொண்டே உலகப் பொறுப்புகளையும் சுமந்தார். 1968 ஏப்ரல் 4இல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த யூலையில் சுவீடனின் உப்சலாவில் கூடவிருந்த உலகத் திருச்சபை மன்றத்தின் நான்காவது பேரவையில் தொடக்கச் செய்தி கொடுக்க இருந்தவர் கிங். அந்த இடத்தில் நின்று பேசும் பாரம் நைல்ஸின் தோளில் விழுந்தது. அதே பேரவையில் மன்றத்தின் தலைவர்களுள் ஒருவராகவும் தெரிவானார். இரண்டு ஆண்டுகளின் பின், 1970 யூலை 17இல், வேலூரில் காலமானார். வயது 62. தெல்லிப்பழையைச் சூழ்ந்த ஊர்கள் வெறிச்சோடி, உயர் பாதுகாப்பு வலயம் ஆன காலத்தை அவர் காணவில்லை.

அவரோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னோர் உவமை புலம்பெயர்ந்த எமக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. சுவிசேஷம் ஒரு விதை. பாலஸ்தீனத்தில் விதைத்தால் ஒரு செடி வந்தது, உரோமையில் விதைத்தால் வேறொரு செடி, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்னும் வேறு செடிகள். மிசனரிமார் எம்மிடம் வந்தபோது விதையோடு தங்கள் செடியையும் பூச்சாடியையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். இனி நாம் சாடியை உடைத்து, விதையை எமது மண்ணில் எமது முறையில் விதைக்க வேண்டும் என்றார்.

இப்போது சாடியைக் காவி வந்தவர்கள் நாங்கள். மெல்பேர்ணில் கறிவேப்பிலைக் கன்றைச் சாடியில் வைத்து, குளிர்காலத்தில் வீட்டுக்குள் எடுத்துக் காப்பாற்றும் எமக்குச் சாடியின் அருமை தெரியும். அது இல்லாவிட்டால் முதல் பனியிலேயே கன்று கருகிவிடும். ஆனால் எத்தனை காலம் அதிலேயே வைத்திருப்பது? தமிழ் ஆராதனை, ஊர்க் கோயில் திருவிழா, யாழ்ப்பாணத்து இருக்கை வரிசை, யார் வீட்டில் யார் சம்பந்தம் செய்வது என்ற கணக்கு, எல்லாவற்றையும் நாம் ஒரே சாடியில் கொண்டுவந்திருக்கிறோம். இவற்றில் எது விதை, எது வெறும் மண்சாடி என்று பிரித்துப் பார்க்கும் வேலை கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதல்ல, சைவருக்கும் உரியது. மொழியையும் வழிபாட்டையும் விதையென்று காத்து, சாதியையும் அயலவர் மீதான இளக்காரத்தையும் சாடியென்று உடைக்கும் குடும்பம் எதையும் இழக்காது.

பள்ளிவாசலின் பெயரைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பிள்ளைக்கும் நைல்ஸின் வழியில் ஒரு பதில் உண்டு. முஸ்லிம்கள் மரியாளை மதிக்கிறார்கள், இயேசுவை மேசியா என்கிறார்கள், இந்த இடத்தில் எம்மோடு ஒத்துப்போகிறார்கள், இந்த இடத்தில் வேறுபடுகிறார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லலாம். நாம் நம்புவதையும் ஒளிக்காமல் சொல்லலாம். பிறகு, உன் சினேகிதனிடமே கேட்டுப் பார் என்று அனுப்பலாம். யாரையும் சந்திக்காமல் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்பதை ஒரு தெல்லிப்பழை இளைஞர் 1935இலேயே கேட்டுவைத்துவிட்டார்.